மூடி இல்லாத ஹெட்போன்

புஷ்பலதாவுக்குத் தன் காதின் மேல் அபார நம்பிக்கை. யாங்கோனின் தாகேதாவில், அவள் வீட்டுச் சந்துக்குள் வருவது யார் செருப்பு, எந்த வீட்டு மோட்டார் தண்ணீர் ஏறாமல் சும்மா சுற்றுகிறது என்பதையெல்லாம் அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட காதை ஒரு கோலாலம்பூர் கம்பெனி சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. வந்ததே கோபம்!

கணினிக்கு மனிதப் பேச்சைப் பழக்குகிற கம்பெனி அது. தமிழும் பர்மியமும் கலந்து பேசுகிற வீடுகளில் பதிவு செய்த பேச்சைக் கேட்டு, யார் எந்தப் பக்கமிருந்து என்ன சொன்னார் என்று வரிவரியாக எழுதித் தர வேண்டும். யாங்கோனில் இரண்டையும் பேசுகிறவர்கள் ஏராளம், இரண்டையும் பிழையில்லாமல் எழுதுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புஷ்பலதா எழுதுவாள். ஆனால் முதலில் பரீட்சை. ஏதோ ஒரு விசேஷ வீட்டு அடுப்படியில் கால் மணி நேரம் எடுத்த பதிவு. பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அதைப் போனோடு வந்த சின்னக் காதுக்கம்பியில் கேட்டு, ஆறு பேர் என்று எழுதி அனுப்பினாள்.

பதில் இரண்டே வரி. குரல்களை ஒன்றோடொன்று கலந்துவிட்டீர்கள், ஆள் எண்ணிக்கையும் சரியில்லை. வெள்ளிக்கிழமை காலைக்குள் இன்னொரு முறை அனுப்பலாம்.

அந்த வெள்ளிக்கிழமையில்தான் சிக்கல். அவள் புருஷன் சுந்தர் ஒரு கம்பெனியின் கார் டிரைவராக இருந்தவன். கம்பெனியை மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். மலேசியாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டிடம் அவன் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டியதும் அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம். கொடுத்துவிட்டால் முடிந்தது, இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, அவன் முகத்தைப் போனில்தான் பார்க்கவேண்டும்.

"இந்த வேலை மட்டும் நிலைச்சா நீங்க போகவேண்டாம்ல?" என்று கேட்டாள்.

"எனக்கு மட்டும் போகணும்னு வேண்டுதலா?" என்றான் சுந்தர். "நீ பாஸ் பண்ணு. ஏஜெண்டு மூஞ்சியில நானே சொல்லிட்டு வரேன். இல்லேன்னா சும்மா குந்திக்கிட்டு உன் கையால சாப்புட எனக்கு ஆகாது புஷ்பா."

"பண்ணிக் காட்டுறேன். காது சரியாத்தான் இருக்கு. காதுல மாட்டுறதுதான் சரியில்ல."

கெட்டிக்காரி அல்லவா, லத்தா கடைத்தெருவில் எந்த நேரத்துக்கு மின்சாரம் வரும் என்று விசாரித்துக்கொண்டுதான் கடைக்குப் புறப்பட்டாள். யாங்கோனில் மின்சாரத்துக்கு 'மீ' என்று பேர், முறைபோட்டுத்தான் விடுகிறார்கள். மீ இல்லாத நேரத்தில் போனால் தெருமுழுக்க ஜெனரேட்டர் கத்தும், கடைக்காரர் பேசுவது அவருக்கே கேட்காது. ஹெட்போன் வாங்கப் போகிறவள் அமைதியான நேரத்தில்தானே போகவேண்டும்? இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிற்பாடு அவளைக் கவிழ்த்தது.

கடை கரீமாவுடையது. போன் சாமான், சார்ஜர், ஸ்பீக்கர் என்று கூரைவரை தொங்கும். கரீமா தலையில் முக்காடும் கன்னத்தில் தனாக்காப் பூச்சுமாக, வாய் ஓயாமல் வியாபாரம் செய்கிறவள்.

"வா தங்கச்சி. பாட்டு கேக்கவா, கேம் ஆடவா, புருஷன் பேச்சு காதுல விழாம இருக்கவா?"

"வேலைக்குக்கா. விரிஞ்சு கேக்கணும். பொடிச் சத்தம்கூட தப்பக்கூடாது. கைல ரெண்டு தெய்ன்தான் இருக்கு."

"ரெண்டு லட்சத்துக்கு விரிஞ்சும் கேக்கணும், பொடியும் கேக்கணும். நல்லாத்தான் இருக்கு ஆசை!"

கரீமா முதலில் எடுத்து வைத்தது பளபளவென்று சிவப்பாக மின்னுவது. புஷ்பலதா தன் போனில் அந்தப் பரீட்சைப் பதிவையே போட்டு மாட்டிப் பார்த்தாள். கடைக்காரர்கள் போடும் பாட்டில் எந்த ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும், நமக்கு மனப்பாடமானதைப் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும் என்பது அவள் கட்சி. அரை நிமிஷத்தில் கழற்றிவிட்டாள்.

"நெஞ்சுல குத்துதுக்கா."

"அதான் பேஸ். எல்லாரும் அதுக்குத்தானே வாங்குறாங்க."

"எனக்கு நெஞ்சுக்கு வேணாம். காதுக்குத்தான் வேணும்."

அடுத்தது ஒயர் இல்லாதது, வெளிச்சத்தத்தை அப்படியே அமுக்கிவிடுவது. மாட்டியதும் கடையே ஊமையாகிவிட்டது. பதிவும் சுத்தமாகத்தான் கேட்டது. ஆனாலும் புஷ்பலதா முகம் சுளித்தாள்.

"இதுக்கென்ன குறை? எல்லாருக்கும் பிடிச்சது இது," என்றாள் கரீமா.

"எல்லாரும் என் மண்டைக்குள்ள ஒரே பெஞ்சுல நெருக்கிக்கிட்டு உக்காந்து பேசுறாங்கக்கா. யாரு எவருன்னு பிரிக்க முடியல. எனக்கு மண்டைக்கு வெளிய, அவங்கவங்க நின்ன எடத்துல நின்னு பேசணும்."

கரீமா இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அட, சும்மா வேடிக்கை பாக்க வந்தவ இல்ல நீ," என்று ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு புதுப் பெட்டியை இறக்கினாள். அது பிரமாதம். புஷ்பலதா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "விலையைச் சொல்லிராதீங்க, மயக்கம் போட்டு விழுந்துருவேன்," என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பாத்துட்டுச் சிரிக்கக்கூடாது."

ஜப்பானிலிருந்து பழைய சாமான் மூட்டையில் வந்தது. காது மெத்தையெல்லாம் தோலுரிந்து கருப்புப் பொடி உதிர்ந்தது. முதுகுப் பக்கம் மூடி கிடையாது, வெறும் வலை. புஷ்பலதா மாட்டினாள். பதிவு ஓடியது. அவள் கை தானாக எழும்பி இடது பக்கம் நீண்டது.

"இங்க கரண்டி பானையில இடிக்குது. இந்தப் பக்கம் ஒருத்தி தேங்கா துருவுறா. அவ பேசவே இல்ல, மூச்சு மட்டும் வாங்குறா. பின்னால ஒருத்தி சிரிக்கிறா..."

"எங்க, குடு." கரீமா பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். இரண்டு நொடி கேட்டாள். வெடுக்கென்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சார்ஜர்கள்தான் தொங்கின. "யா அல்லா! யாருடி அது, என் முதுகுக்குப் பின்னால சிரிக்கிறது?"

இருவரும் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கரீமா விலையைச் சொன்னாள், புஷ்பலதா குறைத்தாள், கரீமா தலையில் அடித்துக்கொண்டு, புது மெத்தையும் போட்டுக் கொடுத்தாள்.

"ஒண்ணு சொல்றேன், அப்புறம் என்னைத் திட்டாத. இது மூடி இல்லாத பானை. உள்ள இருக்கிறது வெளிய வரும், வெளிய இருக்கிறதும் உள்ள வரும். அதனாலதான் இப்படி விரிஞ்சு கேக்குது. பழைய சாமான், திருப்பி எடுக்கமாட்டேன்."

"பகல்ல அவரை வெளிய அனுப்பிட்டா வீட்ல நான் மட்டும்தான்க்கா. யாபாதெ," என்றாள் புஷ்பலதா. பரவாயில்லையாம்! அவளுக்கு அப்போது கால் தரையில் இல்லை.

வீட்டுக்கு வந்து, சுந்தரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். தாகேதாவில் அப்போது மீ இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஊ டின் ஷ்வேயின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் ஒன்று, டீக்கடையில் ஒன்று, மூன்றும் மூன்று சுருதி. ஹெட்போனை மாட்டினாள். விசேஷ வீட்டு அடுப்படி விரிந்தது. அந்த அடுப்படிக்குள்ளே ஊ டின் ஷ்வேயின் ஜெனரேட்டரும் வந்து ஜம்மென்று நின்றது.

சரி, மீ வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. "மீ லாபி!" என்று சந்தே கூவியது. ஜெனரேட்டர்கள் அடங்கின, நிஜம்தான். ஆனால் மீ வந்ததும் எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள், வாஷிங் மெஷினைப் போட்டார்கள், மூலை வீட்டில் கரோக்கே போட்டார்கள். போதாததற்கு மழையும் பிடித்துக்கொண்டது. போன வருஷம் ஆசை ஆசையாகப் போட்ட தகரக் கூரை, ஆளை உட்காரவிடவில்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தாள், அப்போதும் மழை. புஷ்பலதாவுக்கு அழுகை வந்தது. அழவில்லை, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அரிசி களைந்தாள்.

சுந்தர் மெதுவாகத்தான் சொன்னான். "யாருகிட்டயாவது மூடி இருக்கிறதா ஒண்ணு இரவல் வாங்கிப் பாரேன்."

"மூடி இருந்தா எல்லாரும் ஒரே பெஞ்சு. போன தடவை அப்படித்தானே கோட்டை விட்டேன்? ஹெட்போன் சரிதான். இந்தத் தெருதான் சரியில்ல."

"தெருவைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

"நான் போகலாம்ல?" என்று சொன்னவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "டாலாவுக்குப் போறேன். உங்க அக்கா வீட்டுக்கு."

சுந்தருக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாலா ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவன் அக்கா பவுனம்மாள் அங்கே வயல் ஓரத்தில் வாத்து வளர்க்கிறாள். மின்கம்பம் இன்னும் போய்ச் சேராத இடம். "என்னை அனுப்பியே தீரணும்னு ஏஜெண்டைப் பிடிச்சதே அதுதான். அது வீட்ல உக்காந்தா நீ இந்தப் பரீட்சை எழுதப்போற?"

"அது மீ இல்லாத ஊரு. ஜெனரேட்டரும் இல்ல, மோட்டாரும் இல்ல. ஓலைக் கூரை, மழை பேஞ்சாலும் காதுக்குத் தெரியாது. அண்ணி திட்டினா திட்டட்டும். காதுலதான் ஹெட்போன் இருக்குமே."

வியாழக்கிழமை காலையில் பான்சொடான் துறையில் படகேறினாள். முட்டைக்காரி, வெற்றிலைக்காரி, கூடைக் கோழி என்று படகு நிறைந்திருந்தது. மழை ஆற்றின் மேல் சாய்ந்து அடித்தது. அந்தக் கரையில் சைக்கா வண்டி ஒன்றைப் பிடித்து, சேறு ஆரம்பித்ததும் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். மடிக்கணினியையும் ஹெட்போனையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

பவுனம்மாள் வாசலில் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். நல்ல உயரம், மழையிலும் வெயிலிலும் நின்று நின்று கறுத்த உடம்பு. லொஞ்சிக் கைலியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள்.

"என்னா அதிசயம்! தம்பி பொண்டாட்டிக்கு இந்தப் பக்கம் வழி தெரியுமா?"

"வேலை செய்ய வந்தேன் அண்ணி. அமைதியான எடம் வேணும்."

"என்ன வேலை?"

புஷ்பலதா மறைக்கவில்லை. "அவரை மலேசியா போகவிடாம நிறுத்துற வேலை."

பவுனம்மாள் தவிட்டுக் கையோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் வீட்டுக்கே வந்து, என்கிட்டயே சொல்ற. நெஞ்சழுத்தம்தான் உனக்கு." பிறகு, "சாப்டியா?" என்றாள்.

வாத்து முட்டைக் குழம்பும், புளிச்சகீரையும், ஙப்பி மீன்விழுதும் வைத்துச் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே பேசினாள்.

"எனக்கு என் தம்பி மேல பகையா? என் வீட்டுக்காரரு மலேசியாவுல ஒத்தையில கெடக்காரு. பலகை பேக்டரில வேலை. போன மாசம் காய்ச்சல்ல கெடந்து, கஞ்சி வச்சுக் குடுக்கக்கூட ஆள் இல்ல. சுந்தரு போனா மாமனும் மச்சானும் ஒருத்தருக்கொருத்தர் தொணை. உனக்கு உன் புருஷன் மாதிரி, எனக்கு என் புருஷன் இல்லியா?"

பவுனம்மாளின் புருஷன் கார்த்திகேசன் மலேசியாவுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. புஷ்பலதாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அண்ணி இப்படி வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை. சோற்றைப் பிசைந்தாள்.

"தப்புன்னு சொல்லல அண்ணி. ஆனா நான் விடமாட்டேன்."

"விடாத. யாரு விடச் சொன்னா? உன் காரியம் உனக்கு, என் காரியம் எனக்கு. எங்க உக்காருவ?"

உள்ளே பாயை விரித்து உட்கார்ந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது, ஓலை அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. மாட்டினாள். அடடா! கரீமா கடையில் கேட்டதைவிட அகலமாக விரிந்தது. அந்த அடுப்படியின் நீள அகலமே தெரிந்தது. அடுப்பு எங்கே, ஜன்னல் எங்கே, எவள் மணையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்தது. முதல் வரியை எழுதினாள், இரண்டாவது வரியை எழுதினாள். மூன்றாவது வரியில் 'குவாக்' என்றது.

வாத்துகள்! மொத்தக் கூட்டமும் வீட்டைச் சுற்றி வந்துவிட்டது. புஷ்பலதா ஹெட்போனை இறக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். பவுனம்மாளும் அவளைப் பார்த்தாள்.

"கேக்குதா அதுல?"

"உள்ளயே வந்து கத்துற மாதிரி கேக்குது அண்ணி."

பவுனம்மாள் எழுந்தாள். கோலை எடுத்தாள், பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டாள். "பா... பா... பா..." என்று கூப்பிட்டபடி மழையில் இறங்கி, அத்தனை வாத்தையும் ஓட்டிக்கொண்டு தூரத்து வயலுக்குப் போனாள். புஷ்பலதா வேலையை முடிக்கும்வரை அவற்றோடு அங்கேயே நின்றாள். தன் தம்பி போகக்கூடாது என்று எழுதுகிறவளுக்காக நின்றாள். அவளைக் கேட்டால் வாத்துக்கு மேய்ச்சல் என்றுதான் சொல்வாள்.

புஷ்பலதா கேட்டாள், எழுதினாள், மறுபடி கேட்டாள். ஏழு பேர் வந்துவிட்டார்கள். சேர்ந்து சிரித்ததைக்கூடத் தனித்தனியாகப் பிரித்துவிட்டாள். முடித்துவிட்டு, கடைசியாக ஒரு முறை ஓட விட்டபோதுதான் அது காதில் பட்டது. எல்லாரும் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும்போது, வலது பக்கம், தூரத்தில், அடுப்படிக்கு வெளியே நின்று ஒருத்தி ஏதோ சொல்கிறாள். மூச்சுவிடாமல் உட்கார்ந்து அதையே போட்டுப் போட்டுக் கேட்டாள். வார்த்தை வார்த்தையாகக் கிடைத்தது. எட்டாவது ஆள்! எழுதி முடித்ததும், போனிலிருந்தே கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வாத்துகளை அடைத்துவிட்டு நனைந்துபோய் வந்த பவுனம்மாளைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்கு யாரிடமாவது பெருமையடிக்க வேண்டும், அங்கே வேறு ஆள் இல்லை.

"அண்ணி, இதைக் காதுல வைங்க. வலது பக்கம் கவனிங்க, கதவுக்கு வெளிய. ஒருத்தருக்கும் கேட்டுருக்காது, எனக்குக் கேட்டுருச்சு."

"எனக்கு எதுக்குடி இந்தக் கண்றாவி," என்றாலும் பவுனம்மாள் தலையை நீட்டினாள். கேட்டாள். முதலில் சிரித்தாள். "அம்மாடி, எல்லாம் சுத்தி நின்னு பேசுதுங்க." பிறகு சிரிப்பு நின்றது. "இன்னொரு தடவை போடு," என்றாள். போட்டாள். "இன்னொரு தடவை."

வெளியே நின்ற அந்தப் பெண், "அவருக்குக் கொஞ்சம் எடுத்து வைங்க," என்கிறாள். அவ்வளவுதான். உள்ளே பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது.

பவுனம்மாள் ஹெட்போனைக் கழற்றினாள். கன்னம் நனைந்திருந்தது, அது மழையில்லை.

"யாரும் அவளுக்குப் பதில் சொல்லலியேடி."

"அவங்க கவனிக்கல அண்ணி."

"கவனிச்சாங்க. வீட்ல எல்லாருக்கும் தெரியும், அவன் வரமாட்டான்னு. எங்கயோ தூரத்துல இருக்கான். அதான் யாரும் வாயத் தொறக்கல." தோள் துண்டால் முகத்தைத் துடைத்தாள். "எனக்குத் தெரியாதா? சோறு வடிச்சதும் மொதக் கரண்டி அவருக்குத்தான் எடுத்து வைக்கிறேன். அஞ்சு வருஷமா வைக்கிறேன். மறுநா வாத்துக்குப் போடுறேன். இந்த வேலையை உனக்கும் பழக்கிவிடப் பாத்தேனே, நான் என்ன பொம்பள!"

புஷ்பலதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே அழுதார்கள். பவுனம்மாள்தான் முதலில் நிறுத்தி, உலை வைக்க எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சுந்தர் படகில் வந்து சேர்ந்தான். சட்டைப் பையில் பாஸ்போர்ட் தெரிந்தது. ஏஜெண்டு வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அவன் திண்டாட்டமாகப் பொண்டாட்டியைப் பார்த்தான்.

"பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

பவுனம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "பதில் வந்தாலும் வராட்டியும் நீ போகல. பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

சுந்தருக்கு வாய் பிளந்தது. "என்னக்கா இது? நீதானே..."

"நான்தான் சொன்னேன், நான்தான் வேணாங்குறேன். உனக்கென்ன?"

புஷ்பலதாவுக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் முடியாது அண்ணி. நீங்க பாவம் பாத்து விட்டதா இருக்கக்கூடாது. நான் பாஸ் பண்ணித்தான் அவரு நிக்கணும். சாயங்காலம்வரைக்கும் இருங்க."

"திமிரைப் பாரு இவளுக்கு," என்று பவுனம்மாள் சிரித்தேவிட்டாள்.

மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேநீர் ஆறியது, யாரும் குடிக்கவில்லை. சுந்தர் பாஸ்போர்ட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். மணியடித்ததும் புஷ்பலதா எடுத்தாள். கம்பெனியிலிருந்து சாந்தகுமாரி என்ற பெண் பேசினாள்.

"வெளிய நின்ன ஆளைப் பதிவு எடுத்த நாங்களே ரொம்ப நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சோம். பரீட்சை எழுதினதுல நீங்க ஒருத்தர்தான் எட்டுன்னு போட்டீங்க. திங்கக்கிழமை ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாம்," என்றாள் புஷ்பலதா. அப்புறம்தான் அவளுக்குக் குரல் உடைந்தது.

சுந்தர் எழுந்து வயலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏஜெண்டுகிட்ட சொல்லிட்டு வரேன்," என்று சேற்றில் இறங்கி ஓட்டமாக ஓடினான்.

பவுனம்மாள் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். தன் போனை எடுத்து, வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, கார்த்திகேசனைக் கூப்பிட்டாள்.

"நான்தான். சுந்தரு வரல... ஆமா, வரமாட்டான். உங்களுக்குத் தொணைக்கு ஆளு கெடையாது." குரலை உயர்த்தினாள். "கேக்குதா? ஆளு அனுப்பமாட்டேன். நீங்க வந்துருங்க. இருக்கிற வாத்து நமக்குப் போதும். காய்ச்சலோ கஞ்சியோ இங்க வந்து பாத்துக்கலாம்."

அந்தப் பக்கம் அவர் சொன்னது புஷ்பலதாவின் காதுக்கே எட்டவில்லை. பவுனம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றாள் கடைசியில். "எப்ப?"